வால்பேப்பர் உப்புகிறதா, பிரிகிறதா, கறுக்கிறதா? தாளின் முதுகைப் பாருங்கள்

வால்பேப்பரில் கொப்புளம் எழுந்தாலும் ஜாயிண்ட் பிரிந்தாலும் முதல் பழி தாளின் மேல் விழுகிறது, அடுத்தது ஒட்டியவர் மேல். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி சுவர்தான். சுண்ணாம்பு அடித்த சுவர், பிரைமர் படாத புட்டி, மறுபக்கம் பாத்ரூம் இருக்கும் சுவர், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் சுவர் ஆகியவற்றின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த தாளை ஒட்டினாலும் ஒரு மழைக்காலம் தாண்டாது. அதனால் பசை டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள்.

கழன்று நிற்கும் ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் அளவுக்கு மெதுவாக உரியுங்கள். தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அதே இடத்தில் சுவரை விரலால் தடவிப் பாருங்கள்.

பின்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருந்தால், பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சுவர்தான் தன் மேல்தோலை விட்டுவிட்டது. சுண்ணாம்பு, மட்டமான டிஸ்டெம்பர், சரியாக இறுகாத புட்டி எல்லாம் இப்படித்தான் வரும்.

பெயின்ட் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்தால், பழைய பெயின்டுக்கும் சுவருக்கும் இடையில் பிடிப்பில்லை.

பசை தாளிலேயே கண்ணாடி போலப் பளபளவென்று காய்ந்து, சுவர் சுத்தமாக இருந்தால், ஒட்டும் முன்பே பசை காய்ந்துவிட்டது. அல்லது சுவரில் எனாமல் மாதிரி வழவழப்பான பூச்சு இருக்கிறது.

தாளிலும் பசை தெரியவில்லை, சுவரிலும் தெரியவில்லை என்றால் புட்டி பசையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்று பொருள்.

சில்லென்ற ஈரம், கறுப்புப் புள்ளி, மக்கின வாடை இருந்தால் பிரச்சினை தண்ணீர். அப்போது பசை வாங்கக் கடைக்குப் போகாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம்.

ஒட்டிய அன்றே கொப்புளம், சுருக்கம்

தாளில் இரண்டு வகைப் பின்புறம் உண்டு. ஒன்று காகிதம், இன்னொன்று நான்-ஓவன் எனப்படும் துணி போன்ற இழை. காகிதப் பின்புறம் பசையின் தண்ணீரைக் குடித்துச் சில மில்லிமீட்டர் அகலம் விரியும். விரிந்து முடிக்கும் முன் சுவரில் ஏற்றினால், மீதி விரிவைச் சுவரில் வைத்துச் செய்யும். அதுதான் அன்றைக்கே எழும் கொப்புளம்.

கையில் இருப்பது எந்த வகை என்று சந்தேகமா? வெட்டிப் போட்ட ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் நனையுங்கள். காகிதம் என்றால் சுருண்டு வளையும், நான்-ஓவன் அப்படியே தட்டையாக இருக்கும்.

காகிதப் பின்புறத்துக்குப் பசையைத் தாளில் தடவி, பசைப்பக்கம் பசைப்பக்கத்தோடு சேரும்படி இரு முனைகளையும் நடுவை நோக்கி மடித்து வைத்துவிட வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருக்க வேண்டும். எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரம் கொடுங்கள். முதல் துண்டுக்கு 4 நிமிடம், அடுத்ததற்கு 12 நிமிடம் என்று போனால் இரண்டும் வெவ்வேறு அளவு விரிந்து, மேலே சேரும் டிசைன் கீழே சேராது. நான்-ஓவனுக்கு இந்த ஊறல் தேவையில்லை. பசையைச் சுவரில் தடவித் தாளை உலர்வாகவே ஏற்றலாம்.

அன்றைக்கு எழுந்த கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். 24 மணி நேரம் விடுங்கள். தாள் காயும்போது இறுகிச் சின்னக் கொப்புளங்கள் தாமாக அடங்கிவிடும். மறுநாளும் நிற்பவற்றை மட்டும் கவனியுங்கள். நகத்தால் தட்டினால் சலசலவென்று காய்ந்த சத்தம் வருகிறதா? அங்கே பசை படவே இல்லை. மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சும் தடித்த ஊசியும் வாங்கி, பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, டிசைனின் கருத்த கோடு ஓடும் இடமாகப் பார்த்து ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, விளிம்பிலிருந்து ஓட்டையை நோக்கி ரோலரால் தள்ளுங்கள். மிச்சப் பசையும் காற்றும் ஓட்டை வழியே வெளியேறும், அதை ஈர ஸ்பாஞ்சால் உடனே ஒற்றி எடுங்கள். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளம் என்றால் ஊசி போதாது. புது பிளேடால் டிசைன் கோட்டோடு பிறை மாதிரி கீறி, மடலைத் தூக்கி உள்ளே சன்னமான பிரஷ்ஷால் பசை தடவி மூடுங்கள்.

கொப்புளத்துக்குள் மணல் போல் ஏதோ தட்டுப்பட்டால் அது புட்டித் துணுக்கு, கீறி எடுக்காமல் போகாது. ஒட்டும் முன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்திருந்தால் அந்தத் துணுக்கு நிழலோடு தெரிந்திருக்கும்.

மாதங்கள் கழித்துத் தாள் உப்புகிறது

இது மேலே சொன்ன கொப்புளமே அல்ல. ஆறு மாதம் நன்றாக இருந்த தாள் ஐப்பசி மழையில் உப்பினால், பின்னாலிருந்து ஈரம் தள்ளுகிறது. ஊசி போட்டு ஒட்டினால் வாரத்தில் திரும்ப எழும்.

சோதிக்க ஒரு எளிய வழி. அந்த இடத்தில் தாளை எடுத்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்று புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் உட்பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அது அறையின் ஈரக்காற்று. முதலாவதற்குக் கசிவைத் தேட வேண்டும்: மொட்டைமாடித் தளம், சன்ஷேடு சேருமிடம், வெளிச்சுவர் விரிசல், பாத்ரூம் டைல் இடுக்கு, சுவருக்குள் ஓடும் குழாய். இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும்.

புதிதாகக் கட்டிய வீட்டில் பூச்சுவேலை முடிந்து க்யூரிங் ஆன கையோடு தாள் ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. கிரகப்பிரவேசத் தேதி நெருக்கும் அவசரம் புரிகிறது. ஆனாலும் சிமெண்ட் பூச்சுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற இரண்டு மூன்று மாதமாவது கொடுங்கள், அதிலும் ஒரு வெயில்காலம் கிடைத்தால் நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர்களைத் தொடவே வேண்டாம், தை பிறந்தபின் ஒட்டலாம்.

கறுப்புப் புள்ளி, இளஞ்சிவப்புக் கறை

கறுப்புப் புள்ளி பூஞ்சை. வினைல் தாளில் சில நேரம் இளஞ்சிவப்புத் திட்டு விரியும். தாளின் பின்னால் வளரும் நுண்ணுயிரியின் நிறம் வினைலில் ஊறி முன்பக்கம் தெரிவதுதான் அது. துடைத்தால் போகாது, தாளை மாற்றத்தான் வேண்டும்.

கடலோர ஊர்களில் இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில் இது ஏன் அதிகம் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். வெளியே சூடான ஈரக்காற்று, உள்ளே குளிர்ந்த சுவர். ஈரம் வெளிச்சுவர் வழியாக உள்நோக்கி நகர்கிறது. வினைல் என்பது பிளாஸ்டிக் படலம், ஈரத்தை அறைக்குள் விடாது. ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பின் மேல் வியர்ப்பது போலத் தாளுக்குப் பின்னால் வியர்க்கிறது. அங்கே மாவுச்சத்துப் பசையும் இருக்கிறது, காற்றோட்டமும் இல்லை, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஏசி அறையின் வெளிச்சுவருக்கு வினைல் முகம் கொண்ட தாள் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. "நான்-ஓவன்தான் சார், மூச்சு விடும்" என்று கடையில் சொன்னால் விடாதீர்கள். நான்-ஓவன் என்பது முதுகின் பெயர், முகம் வினைலாக இருக்கலாம். லேபிளில் முகம் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்ய: தாளை முழுதாக எடுங்கள், எடுத்ததைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். கசிவை நிறுத்துங்கள். மாஸ்க், கையுறை அணிந்து ஜன்னலைத் திறந்துவைத்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி ப்ளீச் திரவம் கலந்து துடைத்து, தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட்டையோ வேறு பாத்ரூம் கிளீனரையோ கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். பிளாஸ்டிக் ஷீட் சோதனையில் உட்பக்கம் காய்ந்திருக்கிறது என்று தெரியும்வரை திரும்ப ஒட்டாதீர்கள். பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை மட்டும் உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது என்றால் அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. அந்தச் சுவருக்கு எந்தத் தாளும் ஆகாது. மறைக்க நினைத்து ஒட்டினால் ஈரம் இன்னும் மேலேறும். வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

மாவோடு உரிகிறது, மூலை தொங்குகிறது

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் துடையுங்கள், வெள்ளை படிந்தால் சுவர் உதிர்கிறது. பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள், பெயின்ட் வந்தால் தாளோடும் வரும். கையில் தண்ணீர் எடுத்துத் தெளியுங்கள், தெளித்த கணமே சுவர் கறுத்து உறிஞ்சினால் பிரைமர் கேட்கிறது. முத்து முத்தாக வழிந்தால் அது எனாமல், 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும்.

உதிரும் சுவருக்குக் குறுக்குவழி கிடையாது. சுண்ணாம்பைத் தண்ணீர் தெளித்துப் பட்டித்தகட்டால் சுரண்டி எடுங்கள். இரண்டு கை புட்டி பார்த்து, காய்ந்தபின் 180, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். அதன்பின் வரும் வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: தேய்த்த தூசியை ஈரத்துணியால் முழுக்கத் துடைப்பது. தூசியின் மேல் அடிக்கும் பிரைமர் தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. தண்ணீரில் கரையும் வால் பிரைமர் ஒரு கை, அது காய ஒரு நாள், அதற்குப் பின் தாள்.

ஏற்கெனவே ஒட்டியாயிற்று, ஒரு மூலை மட்டும்தான் தொங்குகிறது என்றால், மடலை மேலே டேப்பால் தூக்கிக் கட்டிவிட்டு, வெளிப்பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, துடைத்து, பிரைமர் தொட்டு, மறுநாள் ஒட்டலாம். தாளின் பின்புறம் அப்பிய மாவையும் ஈர ஸ்பாஞ்சால் எடுத்தாக வேண்டும்.

ஜாயிண்ட் பிரிகிறது, நடுவில் வெள்ளைக் கோடு

ஜாயிண்டை உற்றுப் பாருங்கள். இரண்டு ஓரமும் சுவரில் ஒட்டியே இருந்து நடுவில் மட்டும் கோடு தெரிந்தால் தாள் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஊறவிடாமல் இழுத்து ஒட்டியது ஒரு காரணம், ஒட்டிய உடனே ஃபேனையோ ஏசியையோ போட்டது இன்னொரு காரணம். வேகமாகக் காயும் தாள் வேகமாகச் சுருங்கும். முதல் 24 மணி நேரம், மழைநாளில் 48 மணி நேரம், அறையில் ஃபேனும் ஏசியும் வேண்டாம். இப்படித் திறந்துகொண்ட கோட்டை மூட முடியாது, மறைக்கத்தான் முடியும். தாளின் நிறத்தில் வாட்டர்கலர் கலந்து, பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷால் இடுக்கில் மட்டும் இழுத்து, மேலே பட்டதை உடனே துடையுங்கள். கருநிறத் தாள் ஒட்டப்போகிறவர்கள் ஜாயிண்ட் வரும் இடங்களில் சுவருக்கே அந்த நிறத்தில் இரண்டு விரல் அகலப் பட்டை அடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஓரம் உதடு போல் மேலே சுருண்டிருந்தால் பசைக் குறை. தடவும்போது ஓரத்தில் பசை சேராமல் போயிருக்கும், அல்லது ரோலரை ஜாயிண்டில் அழுத்தி அழுத்தி உருட்டிப் பசையை எல்லாம் பிதுக்கித் துடைத்திருப்பார்கள். பசை பிதுங்கினால் நன்றாக ஒட்டுகிறது என்று நினைப்பது தவறு. ஏற்றிப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை லேசாக உருட்டினால் போதும். ரிப்பேருக்கு, பிளேடின் முதுகால் ஓரத்தைத் தூக்கி, உள்ளே இருக்கும் தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பசை தடவி, ஐந்து நிமிடம் விட்டு அழுத்துங்கள். மூலையில் ஒரு வினைல் தாள் இன்னொரு வினைல் தாளின் மேல் ஏறும் இடத்தில் சாதாரணப் பசை பிடிக்காது. வினைல் மேல் வினைல் ஒட்டும் பசை என்றே தனியாகக் கேளுங்கள்.

டிசைன் சேரவில்லை, தாள் சாய்கிறது, ரோல் போதவில்லை

சுவர் மூலையை நம்பி முதல் துண்டை ஒட்டியவர்களுக்கு நான்காவது துண்டில் சாய்வு தெரியும். நேர்குத்தான மூலை அபூர்வம். மூலையிலிருந்து 52 செ.மீ. தள்ளி, தூக்குக்குண்டு கட்டி மேலிருந்து கீழ்வரை பென்சில் கோடு போடுங்கள். 53 செ.மீ. தாளை அந்தக் கோட்டில் நிறுத்தினால் மூலைப்பக்கம் மிஞ்சும் 1 செ.மீ. சாய்வை விழுங்கிவிடும். மூலை அதைவிட அதிகம் சாய்ந்திருந்தால் கோட்டை இன்னும் மூலைப்பக்கம் நகர்த்துங்கள். மூலையைச் சுற்றி முழுத் துண்டை மடித்துக் கொண்டுபோகாதீர்கள், மூலையில் வெட்டிவிட்டு அடுத்த சுவரில் புதுக் கோடு போடுங்கள். டிசைனைக் கூரையருகிலோ தரையருகிலோ அல்ல, கண் மட்டத்தில் சேருங்கள்.

ரோல் கணக்கில் சதுர அடி ஏமாற்றும். சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம், கடையில் 57 சதுர அடி என்பார்கள். கொரிய ரோல் 106 செ.மீ. அகலம், 15.6 மீட்டர். 12 அடி அகலம், பத்தரை அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 126 சதுர அடி, சாதாரண ரோல் மூன்று போதும் என்று கடைக்காரர் சொல்வார். அகலம் 3.66 மீட்டர், ஆக 7 துண்டு. உயரம் 3.20 மீட்டர், வெட்டுக்கு 10 செ.மீ. சேர்த்தால் 3.30. டிசைன் இல்லாத தாள் என்றால் ரோலுக்கு 3 துண்டு, மூன்று ரோல் சரிதான். ஆனால் 64 செ.மீ.க்கு ஒருமுறை டிசைன் திரும்பும் தாள் என்றால் ஒரு துண்டுக்கு 6 சுற்று, அதாவது 3.84 மீட்டர் ஒதுங்கும். ரோலுக்கு 2 துண்டுதான் தேறும். நான்கு ரோல் வேண்டும். லேபிளில் 64/32 என்றிருந்தால் அடுத்த துண்டு 32 செ.மீ. இறங்கிச் சேரும். அப்போது இரண்டு ரோலைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி வெட்டினால் வீணாவது குறையும்.

ஒரு துண்டு ஒரு நிறம்

லேபிளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று எல்லா ரோலிலும் பாருங்கள். வேறு பேட்ச் என்றால் கடையில் வித்தியாசம் தெரியாது, சுவரில் பகல் வெளிச்சத்தில் தெரியும். எண் ஒன்றாக இருந்தும் ஓரங்கள் மட்டும் அடர்ந்து தெரிந்தால், மேலும் கீழுமாக இரு அம்புக்குறி போட்ட தாளா என்று பாருங்கள். அந்தத் தாளில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக ஒட்ட வேண்டும். மூன்று துண்டு ஒட்டியதும் நிறுத்தி, ஐந்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். வெட்டாத ரோலைத்தான் கடை திரும்ப வாங்கும்.

பூச்சி அரிக்கிறது

தாளின் மேல் ஒழுங்கில்லாத மெல்லிய சுரண்டல் இருந்தால் ராமபாணப் பூச்சி, மண்தடம் ஓடினால் கரையான். வீட்டில் காய்ச்சிய மைதா பசை இரண்டுக்கும் விருந்து. போஸ்டர் பசை மாதிரி மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது என்பது சரி, ஆனால் அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் சுவருக்கு வேண்டாம். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்த வால்பேப்பர் பசைத்தூளையே வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூளைத் தூவி, 15 முதல் 20 நிமிடம் விட்டு மறுபடி கலக்கினால் கட்டி தட்டாது. கரையான் தடம் கண்டால் தாளைப் பற்றி யோசிக்கும் முன் மருந்தடிப்பவரை அழையுங்கள்.

ஸ்டிக்கர் வகை விழுகிறது

டிஸ்டெம்பர் சுவரில் ஸ்டிக்கர் தாள் நிற்காது, எடுத்தால் பெயின்டோடு வரும். துடைத்தால் தாங்கும் எமல்ஷன், லேமினேட், பீரோக் கதவு ஆகியவற்றில்தான் அது பிடிக்கும். தொங்கும் ஓரத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி அழுத்திப் பாருங்கள். பசைப்பக்கம் தூசி ஏறியிருந்தால் சூடும் உதவாது.

வெட்டும்போது கிழிகிறது

பிளேடு மழுங்கிவிட்டது. ஒவ்வொரு நீள வெட்டுக்கும் ஒரு நுனியை முறித்துப் புது நுனிக்குப் போங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டித்தகட்டைத் தாளின் மேல் அழுத்தி அதன் ஓரமாக இழுங்கள், தகட்டை நகர்த்தும்போது பிளேடைத் தூக்காதீர்கள். சுவிட்ச் போர்டு அருகே வெட்டும் முன் மெயினை அணையுங்கள். மினுமினுக்கும் ஃபாயில் தாளை சுவிட்ச் தகட்டுக்குப் பின்னால் செருகாதீர்கள், அதில் கரண்ட் பாயும்.

நடுச்சுவரில் ஒரு கிழிசல்

இதற்காகவே மிஞ்சிய தாளில் ஒரு மீட்டரை, பேட்ச் எண் எழுதிச் சுருட்டி, பரணில் இல்லாமல் ஈரம் படாத அலமாரியில் வைத்திருங்கள். கிழிசலைவிடப் பெரிய துண்டை வெட்டி, டிசைன் அச்சாகச் சேரும்படி அதன் மேல் மாஸ்கிங் டேப்பால் நிறுத்துங்கள். புது பிளேடால் இரண்டு தாளும் ஒன்றாக அறும்படி, பூ ஓரமோ இலை ஓரமோ பார்த்து வளைத்து வெட்டுங்கள், நேர்க்கோட்டில் வெட்டினால் கண்ணில் படும். மேல் துண்டை எடுத்துவிட்டு, அடியில் வெட்டுப்பட்ட பழைய தாளை ஈரப்படுத்தி உரியுங்கள். அந்தக் குழியில் தூசி துடைத்துப் பசை தடவிப் புதுத் துண்டைப் பதியுங்கள். காகிதப் பின்புறம் என்றால் பசை தடவிய துண்டை மற்றவற்றுக்குக் கொடுத்த அதே ஊறல் நேரம் மடித்து வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஓரத்தில் ரோலரை லேசாக ஒருமுறை உருட்டி, பிதுங்கிய பசையை ஒற்றி எடுத்துவிட்டு, மறுநாள் காலைவரை அந்த அறையில் ஃபேன் போடாமல் இருங்கள்.